தோட்டத்துக் குட்டையில் என்ன கோளாறு? அறிகுறி கண்டு சரிசெய்யும் வழிமுறை

தவளை, தட்டான், நீர்ப்பூச்சி, பறவை ஆகியவை வந்து தங்கட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் சிறு குட்டை வெட்டித் தண்ணீர் நிரப்பியவர்கள், சில வாரங்களிலேயே ஏதோ ஒன்று சரியில்லை என்று உணர்வது வழக்கம். நீர் பச்சையாகிறது, மட்டம் இறங்குகிறது, வாடை வருகிறது, கொசு வந்துவிடுமோ என்று அக்கம்பக்கத்தார் கவலைப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடிச் செல்ல விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில், பண்ணைக் குட்டைகளுக்கு விரிக்கும் கருப்பு எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) விரிப்பிலோ சிமென்ட் பூச்சிலோ அமைந்த, ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட, நடுவில் 60 முதல் 75 செ.மீ. ஆழமுள்ள குட்டையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஆழம் 40 செ.மீ. என்று கொண்டால் அதில் 2,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். குளிர் நாடுகளின் கையேடுகள் குட்டையை நல்ல வெயில் படும் இடத்தில் அமைக்கச் சொல்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊரில் அப்படி அமைத்தால், கீழே வரும் கோளாறுகளில் பாதி தாமாகவே வந்து சேரும்.

சோதனைக்கு வேண்டிய பொருள்கள் வீட்டிலேயே இருக்கின்றன: செ.மீ. குறித்த ஒரு குச்சி, மூடியுள்ள கண்ணாடி ஜாடி, வெள்ளைப் பீங்கான் தட்டு, ஒரு வாளி. எந்த அறிகுறியைக் கண்டாலும் குட்டையை முழுதாக இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்பும் எண்ணம் முதலில் எழும். அதைத் தள்ளி வையுங்கள். இறைக்கும் நீரோடு கொசுப்புழுவைத் தின்னும் பூச்சிகளும், பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களும் வெளியேறிவிடும். நிரப்பும் புதுநீரோ பெரும்பாலும் உப்பும் உரச்சத்தும் கலந்த குழாய்நீராக இருக்கும். ஆகவே அதே கோளாறு முன்னிலும் வலுவாகத் திரும்பி வரும். இறைத்தே ஆக வேண்டிய நிலை மிக அரிது. அது எப்போது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது

ஓட்டையைத் தேடுவதற்கு முன் ஆவியாதலைக் கணக்கிட வேண்டும். கோடையில், காற்றும் வெயிலும் சேர்ந்த நாளில், திறந்த நீர்ப்பரப்பிலிருந்து 6 முதல் 8 மி.மீ. வரை நீர் ஆவியாவது இயல்பு. 5 சதுர மீட்டர் பரப்புள்ள குட்டைக்கு இது நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர், அதாவது இரண்டு மூன்று வாளி. வாரத்திற்கு 5 செ.மீ. குறைந்தால் பலர் விரிப்பு கிழிந்துவிட்டதென்று பதறுகிறார்கள். அது பெரும்பாலும் வெயிலின் வேலைதான்.

ஐயம் தீர்க்க ஒரு வாளியைக் குட்டைநீராலேயே நிரப்பி, குட்டையின் ஆழம் குறைந்த படியில், உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கல் வைத்து நிறுத்துங்கள். இரண்டு மட்டங்களையும் குறித்துவிட்டு, மழையில்லாத இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் ஓட்டை இல்லை. மாலைநேரத்தில் சிறிது சிறிதாக நீர் சேர்த்து, மேற்கு வெயிலுக்கு ஒரு மறைப்பும் ஏற்பாடு செய்தால் போதும். குட்டை மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் நீர் வேறு வழியாகப் போகிறது.

அந்த வேறு வழி எப்போதும் ஓட்டையாக இருப்பதில்லை. விரிப்பின் ஓரம் தரைமட்டத்திற்குக் கீழே மடிந்து, அதன்மேல் மண்ணோ தேங்காய் நார் மெத்தையோ சரிந்து நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த மண் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கரையைச் சுற்றி நடந்து, மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க ஓரிடம் மட்டும் ஈரமாக, புல் செழித்து நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, செங்கல் வைத்து, மண்ணுக்கும் நீருக்கும் இடையே தொடர்பை அறுத்துவிட்டால் கோளாறு நின்றுவிடும்.

ஓட்டைதான் என்றால், நீர் சேர்க்காமல் விட்டுப் பாருங்கள். மட்டம் வேகமாக இறங்கி ஓரிடத்தில் நிதானமடையும். ஓட்டை பெரும்பாலும் அந்த மட்டத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் கோட்டைச் சுற்றி, ஊசியில்லாத சிரிஞ்சில் சில துளி பாலை எடுத்து விரிப்பை ஒட்டி மெதுவாக விடுங்கள். நீர் அசையாதிருக்கும்போது பால்துளி கலையாமல் மிதக்கும். ஓட்டைக்கு அருகில் அது மெல்லிய வெண்ணிற நூலாக நீண்டு, ஒரு புள்ளியை நோக்கி இழுபடுவதைக் கண்ணாலேயே காணலாம். எச்.டி.பி.இ. விரிப்பில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. அதை வெப்பக்காற்றால் ஒட்டவைக்க வேண்டும், அல்லது நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் பியூட்டைல் ரப்பர் ஒட்டுநாடாவை இருபுறமும் தாராளமாகப் படியும்படி ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதோடு நிறுத்தாமல் துளை ஏன் விழுந்தது என்றும் கண்டறிய வேண்டும். கீழிருந்து மேலாகக் குத்திய சிறு துளை என்றால் கோரைக்கிழங்கின் முளையாக இருக்கலாம். அதன் கூர்முனை மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் துளைத்துக்கொண்டு வரும். அதனால்தான் விரிப்பைப் போடுவதற்கு முன் கோரைக்கிழங்கைக் கிண்டி எடுத்து, 5 செ.மீ. மணல் பரப்பச் சொல்கிறோம். ஓரத்தில் கடித்த தடம் இருந்தால் எலி அல்லது பெருச்சாளி. விரிப்பின் அடியில் மெத்தையாகச் சணல் சாக்கு போட்டிருந்தால் கரையான் அதைத் தின்று தீர்த்திருக்கும், அதன்பின் கூழாங்கல்லின் முனை நேரடியாக விரிப்பைக் குத்தும். நீருக்கு மேலே வெயிலில் நிற்கும் பகுதி மட்டும் நொறுங்கினால் அது வெயிலால் வந்த கேடு. அந்த விளிம்பை மண்ணாலோ தட்டைக் கற்களாலோ மூடாமல் விடக்கூடாது.

விரிப்பு உப்பிக்கொண்டு மேலே வருகிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் உயரும் தாழ்வான மனைகளில், விரிப்புக்கு அடியில் நீர் புகுந்து அதை மெத்தைபோல் தூக்கிவிடும். இந்த நிலையில் குட்டையை இறைப்பது பெருந்தவறு. மேலே அழுத்தும் எடை போய்விட்டால் விரிப்பு முழுதும் எழும்பி, செடித்தொட்டிகள் கவிழ்ந்து, மடிப்புகள் இடம் மாறிவிடும். குட்டையை நிறைத்தே வைத்திருங்கள். நிலத்தடி நீர் இறங்கியதும் விரிப்பு தானாகப் படியும். ஆண்டுதோறும் இப்படி நேர்ந்தால், கோடையில் குட்டைக்குச் சற்று அப்பால் அதைவிட ஆழமாக ஒரு கசிவுக் குழி வெட்டி, அதில் சேரும் நீரை மழைக்காலத்தில் மோட்டார் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். மழையே இல்லாத காலத்தில் ஒரே இடத்தில் குமிழ்போல் உப்பினால், அடியில் மட்கும் வேரோ சாணமோ வாயுவை வெளியிடுகிறது என்று பொருள். ஓரத்திலிருந்து மெதுவாகக் கையால் தள்ளி அதை வெளியேற்றிவிடலாம்.

நீர் நிறம் மாறிவிட்டது

நிறத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கண்ணாடி ஜாடியில் நீரை எடுத்து, அசையாமல் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் மேல்நீர் தெளிந்து அடியில் வண்டல் படிந்திருந்தால் அது மண்கலங்கல். அப்படியே பச்சையாக நின்றால் நுண்பாசி. தெளிந்திருந்தும் தேநீர் நிறமாக இருந்தால் இலைச்சாறு. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு. இலைச்சாற்றுக்கு, கீழே அழுகிய முட்டை வாடைப் பகுதியில் இலைக்குப்பை பற்றிச் சொல்வதைப் பாருங்கள்.

மண்கலங்கல் என்றால் மண் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. மழைநீர் கரைமண்ணை அடித்துக்கொண்டு உள்ளே வருகிறது, அல்லது அடிமண்ணைக் கிளறும் மீன் இருக்கிறது. கரையைத் தோட்டத்துத் தரையைவிட ஒரு கை உயரம் தூக்கி, அதில் வல்லாரை, நீர்ப்பிரம்மி போன்ற படரும் செடிகளை வைத்தால் மண் பிடிபட்டுவிடும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள முறை. குடத்துக்கு அது சரி. 2,000 லிட்டருக்கு அது கட்டுப்படியாகாது, மண் வரும் வழியை அடைக்காதவரை பயனும் நிலைக்காது. படிகாரத்தை நான் பரிந்துரைப்பதில்லை. மழைநீர் மிகுந்த குட்டையில் அது நீரைத் திடீரென்று அமிலமாக்கித் தலைப்பிரட்டைகளைக் கொல்லக்கூடும்.

பச்சைநீர்தான் மிகுதியான கடிதங்களுக்கும் கவலைகளுக்கும் காரணமாவது. புதிதாக வெட்டிய குட்டை முதல் சில வாரங்கள் பச்சையாவது இயற்கை. செடிகள் வேர்பிடித்து நீரிலுள்ள சத்தை எடுக்கத் தொடங்கும்வரை அந்தச் சத்து முழுவதும் நுண்பாசிக்கே கிடைக்கிறது. இக்காலத்தில் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது மட்டுமே. மாதங்கள் கடந்தும் பச்சை நீங்கவில்லை என்றால் மூன்று வழிகளைச் சோதியுங்கள். முதலாவது, சத்து வரும் வழி: காய்கறிப் பாத்தியின் உரநீர், மண்புழு உரம் கலந்த தொட்டிமண், மாட்டுக் கொட்டகையின் கழுவுநீர், தேவைக்கு மேல் போடும் மீன்தீனி. நீர்ச்செடிகளைத் தோட்டத்து உரமண்ணில் நடாமல் களிமண்ணில் நட்டு, மேலே கூழாங்கல் பரப்ப வேண்டும் என்பது இதனால்தான். இரண்டாவது, வெயில். நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்று மேல் அல்லியிலைகளால் மூடியிருந்தால் அடியில் ஒளி குறைந்து பாசி அடங்கும். மூன்றாவது, நீர்ப்பூச்சி. நுண்பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளுகள் பெருகிய குட்டை சில நாள்களிலேயே கண்ணாடிபோல் தெளிவதுண்டு. மீன்கள் நிறைந்த குட்டையில் அவை பெருக வழியில்லை.

பாசி நூல்நூலாகத் திரண்டு மிதந்தால் ஒரு குச்சியில் சுற்றி இழுத்து எடுங்கள். எடுத்ததை உடனே உரக்குழியில் போடாமல், ஓர் இரவு குட்டைக் கரையிலேயே சரிவாக வைத்தால், அதில் சிக்கிய தட்டான் இளவுயிர்களும் நத்தைக் குஞ்சுகளும் நீருக்கு ஊர்ந்து திரும்பும். சிலர் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுப் பாசியை ஒழிக்கச் சொல்கிறார்கள். அதிலுள்ள செம்பு நத்தைகளையும் தலைப்பிரட்டைகளையும் கொல்லும், வண்டலில் தங்கியும்விடும். செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனும் குறையும். உயிர்களுக்காக வெட்டிய குட்டையில் அதற்கு இடமே இல்லை.

நீர்ப்பரப்பு நண்பகலில் செங்கல்நிற ஆடை போர்த்தியதுபோலவும், மாலையில் மீண்டும் பச்சையாகவும் தோன்றினால் அது யூக்ளினா என்னும் நுண்ணுயிரின் பெருக்கம். கடும் வெயிலில் அதன் உடலிலுள்ள சிவப்பு நிறமி மேலெழுந்து தெரிகிறது. சத்து மிகுந்த, தேங்கிய நீரின் அடையாளம் இது. இலைக்குப்பையை அகற்றி நிழலைக் கூட்டினால் குறையும். பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் கரையோரம் தடித்த ஏடு ஒதுங்கி, மண்வாடையும் அழுகல்வாடையும் வீசினால் கவனமாக இருங்கள். அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம், அதில் சில வகைகள் நஞ்சு சுரப்பவை. அந்த நீரை நாயோ மாடோ குடிக்காமல் தடுத்து, கையுறை அணிந்து ஏட்டை வழித்தெடுங்கள்.

மேலே எண்ணெய்ப்படலம் போல் பளபளத்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புச்சத்தை உண்ணும் நுண்ணுயிரிகளின் படலம், கேடு செய்யாது. உடைந்த இடம் உடனே ஒன்றுகூடி மூடிக்கொண்டால் உண்மையான எண்ணெய் எங்கிருந்தோ வருகிறது. மோட்டாரைச் சோதியுங்கள்.

கொசுப்புழு இருக்கிறது

குட்டை வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தாருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஆகவே ஊகத்தில் விடாமல் வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். கரையோரச் செடிகளின் இடுக்கிலிருந்து ஒரு கரண்டி நீரை எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். தலைகீழாகத் தொங்கி, வாலிலுள்ள குழாயை மேல்மட்டத்தில் வைத்து மூச்சுவிடுபவை, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் அல்லது கியூலெக்ஸ் கொசுவின் புழுக்கள். அந்தக் குழாய் இல்லாமல் நீர்மட்டத்திற்கு இணையாகப் படுத்துக் கிடப்பவை, மலேரியா பரப்பும் அனாபிலிஸ் வகையின் புழுக்கள். முட்டையிலிருந்து கொசுவாக வெளிவர நம் ஊர் வெப்பத்தில் 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்று கணக்கு.

நிலைபெற்ற குட்டையில் புழுக்கள் கிடைப்பது அரிது. தட்டான் இளவுயிர்களும், முதுகை அடியில் வைத்து நீந்தும் பூச்சிகளும் அவற்றைத் தேடித் தின்றுவிடுகின்றன. ஏடிஸ் கொசு இத்தகைய திறந்த குட்டையைவிடச் சிறு பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த நீரையே பெரிதும் நாடுகிறது. எனவே தட்டில் புழு தென்பட்டால் குட்டையைச் சுற்றிலும் தேடுங்கள்: பூந்தொட்டியின் அடித்தட்டு, அலங்காரக் கல்லின் குழி, கவிழ்க்காத வாளி, தேங்காய்ச் சிரட்டை. பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் உலர்ந்த சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியவை. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

குட்டையிலேயே புழு இருக்கிறது என்றால், புதுக் குட்டையாக இருக்கலாம், அல்லது அண்மையில் யாராவது அதை இறைத்துக் கழுவியிருக்கலாம். வேட்டைப் பூச்சிகள் வந்து நிலைபெறும் வரை பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் நுண்ணுயிரி மருந்தை உறையில் குறித்துள்ள அளவில் போடலாம். அது கொசுப்புழுக்களையும் அவற்றை ஒட்டிய சில ஈயினங்களின் புழுக்களையும் மட்டுமே கொல்லும். தவளைக்கும் தட்டானுக்கும் தீங்கில்லை. சுகாதாரப் பணியாளர் சோதனைக்கு வந்தால் தட்டுச் சோதனையை அவர் முன்னிலையிலேயே செய்து காட்டி, பூச்சிக்கொல்லி ஊற்றுவதற்கு மாற்றாக இந்த மருந்தைப் பயன்படுத்துவதைச் சொல்லுங்கள். தம் பணியைச் செய்ய வந்தவரிடம் மரியாதையோடு விளக்கினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்.

கம்பூசியா என்னும் கொசுமீனை விடும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1928-இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்கிறது. மழைவெள்ளத்தில் குட்டை வழிந்தால் வாய்க்காலுக்குப் போய் நாட்டுமீன்களையும் நெருக்குகிறது. மீன் வேண்டும் என்பவர்கள், குட்டை ஒரு மழைக்காலத்தைக் கடந்த பிறகு, தலையுச்சியில் வெள்ளிப்பொட்டு மின்னும் முண்டக்கண்ணி போன்ற நாட்டுச் சிறுமீன்கள் நான்கைந்தை விடலாம். என் கருத்தில், இவ்வளவு சிறிய குட்டைக்கு மீனே வேண்டாம். மீனில்லாத குட்டையில்தான் தவளையும் தட்டானும் முழுமையாகப் பெருகுகின்றன.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

பகலெல்லாம் நன்றாக இருந்து விடியலில் மட்டும் இப்படி நடந்தால் ஆக்சிஜன் குறைபாடுதான் காரணம். செடியும் பாசியும் பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் இரவில் அவையும் மூச்சுவிடுகின்றன. அதனால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகச் சுருங்கிவிடுகிறது. கோடையில் இந்தக் கோளாறு மிகுவதற்கு இதுவே காரணம். அந்த நேரத்தில் உடனடியாகச் செய்யத்தக்கது, குட்டை நீரையே குவளையால் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது. பிறகு காற்றுக்குமிழ் மோட்டாரை இரவில் மட்டும் ஓடவிடலாம். நிலையான தீர்வு என்பது மீன்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், தீனியை நிறுத்துவதும், பெருகிய பாசியை எடுப்பதுமே.

நீரில் அழுகிய முட்டை வாடை வருகிறது

குச்சியால் அடியைக் கிளறிப் பாருங்கள். கருத்த சேறும் குமிழ்களும் மேலே வந்தால், இலைக்குப்பை காற்றில்லாமல் மட்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. முருங்கை, வேம்பு, புளி போன்ற சிறு இலைகள் உதிரும் மரத்தடியில் இது தவிர்க்க முடியாதது. உதிர்காலத்தில் மட்டும் குட்டையின் மேல் கொசுவலையைக் கட்டினால் பெரும்பங்கு தீர்ந்துவிடும். சேற்றை எடுக்கும் காலம் முக்கியம். ஊர் ஏரிகளைக் கோடையில் தூர்வாரும் வழக்கம் இங்கும் பொருந்தும்: தலைப்பிரட்டைகள் குறைந்திருக்கும் வைகாசி, ஆனி மாதங்களில், ஒரு பாதிச் சேற்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபாதியை அடுத்த ஆண்டுக்கு விட்டுவையுங்கள். அந்த மறுபாதியில்தான் குட்டையின் அடுத்த தலைமுறை ஒளிந்திருக்கிறது.

பூச்சிமருந்தோ டீசலோ கழிவுநீரோ உள்ளே கலந்துவிட்டது என்றால் அதுதான் முழுதாக இறைக்க வேண்டிய நிலை. அப்போதும் பிழைத்திருப்பவற்றைக் குளோரின் நீங்கிய நீருள்ள தொட்டிக்கு முதலில் மாற்றிவிடுங்கள்.

ஒரே செடி குட்டையை மூடிவிட்டது

வெங்காயத்தாமரை, அந்தரத்தாமரை, அசோலா ஆகிய மூன்றும் பொதுவான குற்றவாளிகள். மாட்டுத்தீவனமாக வளர்க்கும் அசோலா நல்ல வெயிலில் சில நாள்களுக்குள் இருமடங்காகும். அது முழுப்பரப்பையும் மூடினால் அடியில் ஒளியும் காற்றும் போகாது. சல்லடையால் வாரத்துக்கு ஒருமுறை அள்ளி மாட்டுக்கோ கோழிக்கோ உரக்குழிக்கோ கொடுங்கள். வெங்காயத்தாமரை ஊரின் ஏரிகளையே மூடிய அயல்செடி. அதை ஒன்றுகூட விடாமல் எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும், வாய்க்காலில் எறியவே கூடாது. சம்பங்கோரையின் தண்டுக்கிழங்கு விரிப்பைத் துளைக்கும் வலிமையுள்ளது. இவ்வளவு சிறிய குட்டையில் அதை நடாதிருப்பதே நல்லது. அல்லி, ஆராக்கீரை, நீர்ப்பிரம்மி, வசம்பு ஆகியவை கட்டுக்குள் நிற்கும் நாட்டுச்செடிகள், தொட்டியில் வைத்தால் இன்னும் எளிது.

செடிகள் வாடுகின்றன, ஓரத்தில் வெள்ளைப் படிவு

ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் தொடர்ந்து சேர்க்கும் குட்டையில், நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சி ஆண்டுக்கு ஆண்டு செறிவாகும். கரையில் வெள்ளை வளையம் படிவது அதன் தடயம். கூரை மழைநீரை, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, குழாய் வழியாகக் குட்டைக்குத் திருப்புங்கள். வடகிழக்குப் பருவமழையில் குட்டை நன்றாக நிரம்பி வழிந்தாலே உப்பு பெரும்பாலும் நீங்கிவிடும். மாநகராட்சிக் குடிநீர் என்றால் அகலமான தொட்டியில் வெயிலில் ஒரு நாள் வைத்து, குளோரின் போன பிறகு சேர்க்கவேண்டும். புதுச் சிமென்ட் தொட்டியில் செடியும் உயிரும் பிழைக்கவில்லை என்றால் சிமென்டின் சுண்ணாம்பு நீரில் இறங்குகிறது. வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு நீர் நிரப்பி, ஒரு வாரம் ஊறவைத்து வெளியேற்றி, இதை மூன்று நான்கு முறை செய்வது மீன் வளர்ப்போரின் வழக்கம்.

வெள்ளை நுரை தொங்குகிறது

சோப்பு நுரையென்றோ யாரோ துப்பியதென்றோ எண்ணிப் பலர் இதைக் கழுவி விடுகிறார்கள். நீருக்கு மேலே, செடியிலோ சுவரிலோ, முட்டை வெண்கரு அடித்ததுபோல் கைப்பிடியளவு நுரை ஒட்டியிருந்தால், அது மரத்தவளை கட்டிய கூடு. வெளிப்புறம் காய்ந்து லேசாகப் பழுப்பேறினாலும் உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேராக நீரில் விழும். செய்ய வேண்டியது ஒன்றே: தொடாதீர்கள், அதற்கு நேர் கீழே நீர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செடிகளைச் சுற்றிக் கருப்பு மணிகள் கோத்த கயிறுபோல் கிடப்பவை தேரையின் முட்டைகள். அவற்றையும் அப்படியே விடுங்கள்.

தலைப்பிரட்டைகள் காணாமற்போகின்றன

எண்ணிக்கை மெல்லக் குறைவது இயற்கை. தட்டான் இளவுயிரும் மடையானும் வெண்மார்பு மீன்கொத்தியும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் தவளை நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. ஒரே இரவில் எல்லாம் செத்து மிதந்தால் நஞ்சைத் தேடுங்கள். ரோஜாவுக்குத் தெளித்த பைரித்திராய்டு மருந்து, தெருவில் அடித்த கொசுப்புகை, பக்கத்து வயலின் மருந்துச்சாரல் ஆகியவை நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடியவை. கால் முளைத்த குஞ்சுகள் கரையோரத்தில் செத்துக் கிடந்தால் காரணம் வேறு: செங்குத்தான கரையிலும் வழவழப்பான டைல்ஸிலும் அவற்றால் ஏற முடிவதில்லை. ஒரு பக்கமாவது கூழாங்கற்கள் பரப்பிய சரிவு வேண்டும். தவறி விழும் அணிலும் ஓணானும் அதே சரிவில்தான் பிழைக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே உறுதியான கம்பிவலை பொருத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். 60 செ.மீ. ஆழம் என்பது குழந்தைக்குப் பேராபத்து.

பாம்பு வந்துவிட்டது

தவளை உள்ள இடத்தில் பாம்பு வருவதை முழுதாகத் தடுக்க முடியாது. நீரிலேயே நீந்தி, உடலில் கட்டம்கட்டமான புள்ளிகளோடு, கண்ணுக்குக் கீழே இரண்டு கருங்கோடுகள் சாய்ந்து இறங்குவதாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் தண்ணீர்ப்பாம்பு. நஞ்சில்லை, ஆனாலும் பிடிக்கப்போனால் கடிக்கும். எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அருகில் செல்லாமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள். பாம்புகள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை, அடித்துக் கொல்வது குற்றம். வீட்டுக்கும் குட்டைக்கும் இடையே விறகும் செங்கலும் குவிக்காமல், புல்லைக் குட்டையாக வெட்டி, இரவில் கைவிளக்கோடு நடப்பது போதுமான முன்னெச்சரிக்கை.

எந்த உயிரும் வரவில்லை

நீர் தெளிவாக இருக்கிறது, செடி தழைக்கிறது, ஆனால் குட்டை வெறிச்சோடிக் கிடக்கிறது என்ற குறையோடு சிலர் ஏரியிலிருந்து ஒரு வாளி சேறும் நீரும் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அதனோடு வெங்காயத்தாமரைத் துண்டும், வளர்க்கத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சும் வந்துவிடலாம். கடையில் வாங்கிச் சலித்துப்போன சிவப்புக்காது ஆமையைக் கொண்டுவந்து விடுவதும் அதே அளவு கேடு. எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. நீர்ப்பூச்சிகள் இரவில் பறந்து வந்து தாமே இறங்கும்.

வராததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. இரவெல்லாம் எரியும் விளக்கு, தட்டான் உட்கார இடமில்லாமை, கரையோரத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லாமை. விளக்கை அணையுங்கள், நீரில் நான்கைந்து காய்ந்த குச்சிகளைச் செங்குத்தாக நடுங்கள், கரையில் கல்குவியலும் உயரமான புல்லும் விடுங்கள். பிறகு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருங்கள். அந்தக் காலத்தில் கூட்டமாகப் பறந்து வரும் மஞ்சள்நிறத் தட்டான்கள் புதிதாகத் தேங்கிய மழைநீரைத் தேடி முட்டையிடுபவை, அவற்றின் இளவுயிர்கள் ஆறு வாரம் அளவிலேயே சிறகு பெற்றுவிடும்.

அவை வந்தனவா என்பதை அறியத் தட்டானையே காண வேண்டியதில்லை. மார்கழி, தை மாதக் காலையில் அந்தக் குச்சிகளிலும் கோரைத்தண்டுகளிலும் நீருக்கு ஒரு சாண் மேலே தேடிப் பாருங்கள். வைக்கோல்நிறத்தில், ஆறு கால்களும் தண்டைப் பற்றியபடி, தட்டான் இளவுயிர் உரித்துவிட்டுப் போன வெறும் தோல் ஒன்று நிற்கும். முதுகில் நீளவாக்கில் பிளவும், அதற்குள்ளிருந்து நீண்டு நிற்கும் வெண்ணிற நூல்களும் தெரியும். அந்த நூல்கள் இளவுயிராக இருந்தபோது அது மூச்சுவிட்ட குழாய்களின் உட்தோல். அப்படி ஓர் உரியைக் கண்டால், உங்கள் குட்டையில் ஒரு தட்டான் முட்டையிலிருந்து சிறகுவரை வளர்ந்து சென்றிருக்கிறது. ஒன்றுமே அகப்படாவிட்டால், அடுத்த ஐப்பசிக்கு முன் விளக்கு, குச்சி, கரைப்புல் ஆகிய மூன்றையும் மறுபடி சரிபாருங்கள்.